பேரத்தில் கழிந்த கட்டைகள்

மனைவியின் குரல் பதினெட்டாயிரம் என்றார் இசைக்கருவிக் கடைக்காரர். டைல்ஸ் வியாபாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு மலிவாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனாலும் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்தால் சோறு இறங்காத பரம்பரை அது.

தொண்டையில் கத்தி பட்ட பிறகு மனைவிக்கு மிச்சம் குசுகுசுப்புதான். வீட்டின் பின்னறையில் கணினியை வைத்து இருவரும் பாட்டுப் பதிவு செய்வது வழக்கம். மெட்டு அவருடையது, குரல் அவளுடையது. ஒரு பாட்டில் பல்லவி முடிந்து ஆறு வரிச் சரணம் அந்தரத்தில் நின்றது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. வோகோடர் என்ற கருவி இருந்தால் குசுகுசுத்தாலே பாட்டாக்கிவிடும் என்று எங்கோ படித்துவிட்டுத்தான் அவர் கடை ஏறினார்.

"எது ஈஸியோ அதக் குடுங்க. புஸ்தகம் படிச்சு ஓட்டுற மாதிரி வேணாம்."

கடைக்காரர் மூன்று காட்டினார். ஒன்று கணினிக்குள் ஓடும் மென்பொருள். திரை முழுக்கத் திருகுகள். ஒன்று காலால் மிதிப்பது. மூன்றாவது சின்னப் பெட்டி. கூடவே மைக், குட்டி கீபோர்டு. எல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பதினெட்டாயிரம்.

"இதுதான் ஈஸிண்ணே. மைக்ல பேசணும், கீபோர்டு கட்டைய அழுத்தணும். அவ்வளவுதான்."

"மைக் வீட்ல இருக்கு. கழிச்சுக்கங்க."

"சரிண்ணே."

"கீபோர்டும் வேணாம். எங்க வீட்ல யாருக்கும் வாசிக்க வராது. நான் மெட்டுப் போடுறதே மவுஸாலதான்."

"அது இல்லாட்டி..."

"இல்லாட்டி பத்தாயிரம் ஆவும். போடுங்க பில்ல."

கடைக்காரரும் வியாபாரிதான். "போடுறேண்ணே. நாளைக்கும் கடை திறந்துதான் இருக்கும்."

அதை ஏன் சொன்னார் என்று வழி நெடுக யோசித்தும் பிடிபடவில்லை.

மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடிப் பின்னறைக்கு அழைத்து வந்தார். அவள் மைக்கில் குசுகுசுத்தாள். பெட்டி வாய் திறக்கவில்லை. எல்லாத் திருகையும் திருகினார். தானே கத்திப் பார்த்தார். ஊமை.

"இதுக்கும் தொண்டையில ஆபரேஷன் ஆயிடுச்சாங்க?" என்றாள் அவள்.

கடைக்காரரைப் போனில் பிடித்தார்.

"சொல்லத்தான் வந்தேன், நீங்க விலைய முடிச்சிட்டீங்க. சொல்லு மட்டும்தாண்ணே அண்ணியோடது. சத்தம் கீபோர்டுலேருந்து வரணும். ரெண்டும் சேந்தாத்தான் பாட்டு."

போய் வாங்கி வந்தார். அவள் குசுகுசுக்க, அவர் ஒற்றை விரலால் கட்டையை அழுத்தினார். தகரத்தில் தேன் தடவியதுபோல் ஒரு குரல் எழுந்தது. அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"யாருங்க இது?"

"நீதான்." அவருக்கே சந்தேகம் வந்தது. "பாதி நீ. மீதி என் விரலு."

"உங்க விரலுக்குச் சுருதியே இல்ல. நகருங்க."

கட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தட்டித் தடவி, தப்பு விட்டு, மறுபடி பிடித்து, சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. கடைசி இரண்டு வரிக்கு வந்ததும் மைக்கை அணைத்துவிட்டாள்.

"இது ரெண்டும் என் தொண்டைக்குங்க. குரல் திரும்ப வரலாம்னுதான டாக்டர் சொன்னாரு."

வராமலும் போகலாம் என்றும் அதே டாக்டர் சொல்லியிருந்தார். அவள் சொன்னது நம்பிக்கையா, வீம்பா? அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியமில்லை. கணினியில் சேமித்து வைத்தார். மொத்த வரி ஆறு. வரவு நான்கு. பாக்கி இரண்டு.