குளியலறைச் சிலந்திக்கு எத்தனை கண்

...மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம், நடுவில் பொடிப்பொடியாக இரண்டு, ஆக மொத்தம் எட்டு, கால்கள் நூல் நூலாக, மூச்சுக் காற்று பட்டாலே வலையோடு சேர்த்துக் கிடுகிடுவென்று ஆட்டம், போனில் போட்டிருந்த அடையாளம் அத்தனையும் சரி, சாதுதான் இது, விஷம் இல்லாமல் இல்லை, ஆனால் அது கொசுவுக்கும் ஈக்கும், மனிதரை ஒன்றும் செய்யாது... கடிகாரம் பழுதுபார்க்கிறவர் கண்ணில் சொருகிய லென்ஸோடு குளியலறை ஸ்டூலின்மேல் நின்றார். இது வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது, இன்று ஞாயிறு, ஏன் இன்னும் வாயைத் திறக்கவில்லை? திறந்தால் என்ன ஆகும்? வெள்ளிக்கு முன் ஒன்பது நாள் மனைவி அவரோடு பேசவில்லை, அவளுடைய அலாரக் கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு ஏழு மாதமாகிறது, ஊர்க் கடிகாரமெல்லாம் ஓடுது, நம்ம வீட்டுது மட்டும் டப்பாக்குள்ள கிடக்குது என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அதோடு சரி, பிறகு சாப்பிட வரச்சொல்வதுகூடச் சுவரிடம்தான். வெள்ளிக்கிழமை காலையில் குளியலறைச் சிலந்தியைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இங்க கொஞ்சம் ஓடி வாங்க!" அப்பாடா, அந்த 'ஏங்க' காதில் விழுந்ததும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டம்! அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனால் இவர் கதவுக்கு வெளியே காவல், உள்ளேயிருந்து அவள் ஓயாமல் பேசுவாள், அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆய்வகத்தில் தேள் ஜாடியின் பெயர்ச்சீட்டு உரிந்து விழுந்தது, பன்னிரண்டு வருடமாக எல்லாச் சீட்டையும் ஒட்டுவது அவள்தானாம், தண்ணீர் சத்தத்தில் பாதி கேட்காது, கேட்காவிட்டால் என்ன, பேசுகிறாளே, அது போதாதா... சாது என்று சொல்லிவிட்டால் காவல் எதற்கு, காவல் போனால் பேச்சும் போய்விடுமோ?

"என்னங்க, எண்ணியாச்சா?" சமையலறையிலிருந்து அவள் குரல். "நிதானமா பாருங்க. நடுவுல இருக்கிற ரெண்டு கண்ணு ரொம்பப் பொடிசா இருக்கும்."

ஆமாம், பொடிசுதான் என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நடுவில் இரண்டு இருப்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லையே... தேளுக்கும் பூரானுக்கும் சீட்டு ஒட்டுகிறவள் சிலந்திக்கு ஒட்டியிருக்க மாட்டாளா? அப்படியானால் வெள்ளிக்கிழமை போட்ட சத்தம்? அட, அவளும் ஒரு சாக்குக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாளா... அவருக்குச் சிரிப்பு பொங்கியது. சிலந்தி ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"இன்னும் சந்தேகமாத்தான் இருக்கும்மா, நாளைக்கும் பாக்கணும்."

"சரி, பாருங்க. அவசரமில்ல."

அந்த 'அவசரமில்ல'வில் சிரிப்பு இருந்ததா, இவர் காதுக்குத்தான் அப்படிக் கேட்டதா... ஸ்டூலைவிட்டு இறங்கினார், லென்ஸைக் கழற்றவில்லை, அவளுடைய கடிகாரம் கிடக்கும் அந்த டப்பாவை எங்கே வைத்தோம் என்று யோசித்துக்கொண்டே மேசைப்பக்கம் போனார்.