பாகம் பிரிக்காத தோப்பு

லஸ்ஹர் தினமும் விடியற்காலையில் தன் வண்டியின் பின்தட்டில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவான். தட்டு ஈரமாக இருந்தால் பெண்கள் உட்கார மாட்டார்கள். உட்காராமல் நின்றால் பதினைந்து பேர் போகிற இடத்தில் முப்பது பேரை அடைக்கலாம். இதை அவன் ஒளித்து மறைத்ததும் இல்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்து, தன் சாமர்த்தியம் என்று சிரித்துச் சொல்லுவான். கேட்டவர்களும் சிரிப்பார்கள்.

ஒலிவத் தோப்புகளுக்குக் காய் பறிக்கப் போகும் அந்த முப்பது பேரில் ஒருத்தியாக மன்னூபியா பதினோரு வருடம் நின்றிருக்கிறாள். போன வருட அறுவடையில் வண்டி ஒரு பள்ளத்தில் குதித்தபோது, அவள் தோளைப் பிடித்திருந்த மப்ரூக்கா பிடி நழுவிச் சாலையில் விழுந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றது. "சரியாப் பிடிச்சுக்கலை" என்றான் லஸ்ஹர். தோப்புக்காரர் ஹாஜி தாஹர் ஒரு மூட்டை கோதுமை ரவையும் இரண்டு டப்பா ஒலிவ எண்ணெயும் அனுப்பினார். நம்ம தோப்பு எண்ணெய், முதல் தரம் என்றும் சொல்லியனுப்பினார். அந்த மரங்களிலிருந்து காயை உருவியவள் மப்ரூக்காதான்.

அதற்குப் பிறகுதான் பதினெட்டுப் பெண்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: உட்கார்ந்து போக ஒரு வண்டி. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். தலைநகரத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்து, வண்டி தர முடியாது, மூன்று நாள் தன்னம்பிக்கைப் பயிற்சி தருகிறோம், மதியச் சாப்பாடு உண்டு என்றது.

"தன்னம்பிக்கையில கைப்பிடி இருக்குமா?" என்று கேட்டாள் அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தியான ஸல்ஹா. "வண்டி ஆடும்போது பிடிச்சுக்கத்தான்."

வசந்த காலத்தில் ஹாஜி தாஹர் காலமானார். அக்டோபர் கடைசியில் அவருடைய ஒரே மகள் எம்னா மன்னூபியாவின் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தாள். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள். கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த மாடிவீட்டை விற்றுவிட்டதாகச் சொன்னாள். அந்தப் பணத்தில் இருபத்து நான்கு பேர் உட்காரும் ஒரு பழைய பஸ் வாங்கலாம்.

"பஸ் உங்க சங்கத்துப் பேர்லயே இருக்கட்டும். நான் கணக்கும் கேக்க மாட்டேன், கூட்டத்துக்கும் வர மாட்டேன். என் பேரை எங்கேயும் எழுத வேண்டாம்."

கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மன்னூபியா நிமிரவில்லை.

"உங்கப்பா எண்ணெய் டப்பா அனுப்பினாரு. நீங்க பஸ் தர்றீங்க. டப்பா பெருசாயிருக்கு, அவ்வளவுதான்."

ஸல்ஹா அவள் தொடையில் கிள்ளினாள். "ஏண்டி, வீடு தேடி வந்தவங்க கிட்டயா."

எம்னாவின் முகம் சிவந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "இது தர்மம் இல்லைக்கா. நான் படிச்ச படிப்பு, கடை, வீடு எல்லாம் உங்க கையால வந்தது. அதைத் திருப்பித் தர்றேன். உங்க பக்கம் நிக்கணும்னு ஆசைப்படறேன்."

"எங்க நின்னுக்கிட்டு? ஸ்ஃபாக்ஸ்ல உங்க கடையிலயா?" மன்னூபியா குவளையை நீட்டினாள். "லஸ்ஹர் உங்கண்ணன் ஆளு. அவன் வண்டியில வராதவளுக்கு எந்தத் தோப்புலயும் வேலை கிடையாது. நாங்க பஸ்ல போய் ஜம்முனு இறங்கினா, உங்கண்ணன் கேட்டைச் சாத்துவாரு. அப்புறம் பஸ் என்ன செய்யும்? நின்னு புல்லு மேயுமா?"

பணப் பையைத் தயங்காமல் பாயில் வைத்திருந்த எம்னா, அண்ணன் பேச்சு வந்ததும் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே குவளையை வாங்கினாள். அதை மன்னூபியா கவனித்தாள். வீட்டை விற்கத் துணிந்தவளுக்கு அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லை. இறைவன் ஒருவருக்குச் செல்வத்தைக் கொடுத்துச் சோதிக்கும்போது, பையைத் திறக்கச் சொல்வதோடு விட்டுவிடுவதில்லை.

"நான் என்ன செய்யணும்?"

"அறுவடைக்குக் கேட்டைத் திறக்கற அன்னிக்கு வாங்க. எங்களுக்கு முன்னால நிக்க வேண்டாம். கூட நில்லுங்க, போதும்."

எம்னா பாதிக் குவளையைக் கீழே வைத்து, பார்க்கலாம்க்கா என்று எழுந்தாள். பையை விட்டுவிட்டுப் போனாள்.

நவம்பரில் அறுவடை தொடங்கிய அன்று, பதினெட்டுப் பேரும் ஆளுக்கொரு இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். மப்ரூக்காவின் பெயரைச் சொல்லி ஒருத்தி ஃபாத்திஹா ஓதினாள். மடியில் கை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவது சிலருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

மன்னூபியா சொன்னபடியே தோப்புக் கேட்டு சாத்தியிருந்தது. உள்ளே எம்னாவின் அண்ணன் நஜீப் தன் காரில் சாய்ந்து நின்றான். வெளியே லஸ்ஹரின் வண்டி. பக்கத்து ஊர்ப் பெண்கள் அதில் தீப்பெட்டிக் குச்சிகள் மாதிரி நெருக்கியடித்து நின்றார்கள்.

"ராணிகளுக்கு இங்க வேலை இல்லை," என்றான் நஜீப். "பஸ் குடுத்தவளையே சோறும் போடச் சொல்லுங்க."

பெண்களுக்கு இந்த இரண்டு மாதக் கூலிதான் மார்ச் ஏப்ரல் வரைக்கும் அடுப்பெரிக்கும். எம்னாவைக் காணவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று.

"ஹாஜி மகள் போர்வைக்குள்ள இருக்கா," என்றாள் ஒருத்தி. "பஸ்ஸை வித்துப் பங்கு போட்டுக்க வேண்டியதுதான்."

தான் சொன்னது சரியாகிவிட்டதே என்று மன்னூபியாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் மேல் கோபம்தான் வந்தது.

அப்போதுதான் எம்னாவின் கார் வந்து நின்றது. இறங்கியவளின் கண்கள் வீங்கியிருந்தன. யாரையும் பார்க்காமல் வந்து மன்னூபியாவின் பக்கத்தில் நின்றாள்.

"நேத்து பூரா உன்கிட்ட போன்ல சொன்னேன்ல," என்றான் நஜீப். "வீட்டுக்குப் போ. குடும்ப விஷயத்தைத் தெருவுல வெச்சுப் பேசாதே."

"தோப்பு இன்னும் பாகம் பிரிக்கலைண்ணே." அவள் குரல் உடைந்து உடைந்து வந்தது. "நீதிமன்றத்துல பிரிக்கறவரைக்கும் ஒவ்வொரு மரத்துலயும் உனக்கு மூணுல ரெண்டு, எனக்கு மூணுல ஒரு பங்கு இருக்கு. அந்தப் பங்கை இவங்க சங்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். இந்த வருஷம் மட்டும் இல்லை, எப்பவும். பறிக்க வந்திருக்காங்க. திற."

நஜீப் சிரித்தான். "எந்த மூணுல ஒண்ணு? வேரா, நடுமரமா, உச்சிக் கிளையா? காட்டு பாக்கலாம்."

ஒரு நாள்கூட மரத்தைத் தொட்டறியாத எம்னா எதைக் காட்டுவாள்?

மன்னூபியா முன்னால் வந்தாள். "அவங்க எதுக்குக் காட்டணும்? நீங்க உங்க காயை அடையாளம் காட்டுங்க. ஒவ்வொண்ணா காட்டுங்க. சத்தியமா அதை நாங்க தொட மாட்டோம்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். லஸ்ஹரின் வண்டியிலிருந்தும் சிரிப்புக் கேட்டது. நஜீப்பின் முகம் கறுத்தது.

"லஸ்ஹர், உன் ஆளுங்களை இறக்கு. இவளுங்க பேசி முடிக்கறதுக்குள்ள மரம் மொட்டையாகணும்." அவர்களை உள்ளே விடுவதற்காக அவனே கேட்டைத் திறந்தான்.

வண்டியிலிருந்து பெண்கள் தயங்கித் தயங்கி இறங்கினார்கள். மன்னூபியாவின் நாக்கு நுனியில் கெட்ட வார்த்தை நின்றது. முதலில் இறங்கிய சின்னப் பெண்ணுக்குப் பதினேழு வயதிருக்கும். பாவாடை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. குளிரில் தாடை ஆடியது. இவள்மேல் கோபப்பட்டால் நஜீப்புக்குத்தான் கொண்டாட்டம். வார்த்தையை விழுங்கி, தன் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஸல்ஹா ஒரு ரொட்டியைப் பிய்த்து மிளகாய் விழுது தடவி நீட்டினாள்.

"சாயங்காலம் எங்க கூட உக்காந்து போலாம்," என்றாள் மன்னூபியா. "ஆறு இடம் காலியா இருக்கு. மத்தவங்களுக்கு ரெண்டு நடை அடிப்போம். ஆனா இன்னிக்கு எங்களை முந்திக்கிட்டுப் பறிக்காதீங்க."

"ஏய், கூலி யார் குடுப்பா?" என்று கத்தினான் லஸ்ஹர்.

"அவங்க பங்குல வர்ற காயை அவங்களோட சேர்ந்து பறிச்சா, அதுல எங்களுக்கும் உண்டா?" என்று கேட்டாள் வண்டியிலிருந்த வயதான ஒருத்தி. லஸ்ஹரைக் கேட்கவில்லை, மன்னூபியாவைக் கேட்டாள்.

மன்னூபியா தன் சங்கத்தாரைத் திரும்பிப் பார்த்தாள். இருந்ததே குறைவு. அதிலும் பங்கு போடுவதா என்ற யோசனை சில முகங்களில் தெரிந்தது. ஸல்ஹாதான் முதலில் தலையசைத்தாள். பிறகு ஒவ்வொருவராக.

"உண்டு," என்றாள் மன்னூபியா.

கடைசியில் ஏழு பேர்தான் நஜீப்பின் வரிசைக்குப் போனார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் வந்தவர்களோடு சேர்ந்து திறந்த கேட்டு வழியாக உள்ளே போய் மரத்தடியில் வலை விரித்தார்கள், விரல் தேயாமலிருக்க ஆட்டுக்கொம்பு உறைகளை மாட்டிக்கொண்டு கிளைகளை உருவத் தொடங்கினார்கள். நஜீப் வக்கீலிடம் போனில் பேசிக்கொண்டே இருந்தான். காய் மழைபோல வலையில் விழுந்தது.

எம்னாவும் ஒரு வலையின் முனையைப் பிடித்தாள்.

"ஹாஜி மகளே, விரிக்கச் சொன்னோம், போர்த்திக்கச் சொல்லலை," என்றாள் ஸல்ஹா. எம்னா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மன்னூபியா ஏணியில் நின்றபடியே சாலையைப் பார்த்தாள். நெடுகிலும் கேட்டுகள். அவற்றுக்கு முன்னால் வேறு வண்டிகள், வேறு பெண்கள். ஒரு கேட்டு திறந்ததற்காகக் குளிர்ந்துபோகிற கோபம் இல்லை அவளுடையது.

"எம்னா," என்று கூப்பிட்டாள். "அடுத்த தோப்புக்காரர் பொண்ணு உங்க கூடப் படிச்சவங்களாமே?"

"ஆமாக்கா. பேசிப் பாக்கறேன்."

"பேசினாப் பத்தாது. கூட்டிக்கிட்டு வாங்க."