கறுத்துப்போன மாதா பதக்கம்

இத்தாலியின் சலென்டோ கடற்கரையில் பிறந்தவளுக்கு வெந்நீர் ஊற்றைப் பற்றி வெளியூர்க்காரர் பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? வித்தூச்சாவுக்குக் காலையிலிருந்தே பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷமாகக் குளியல் நிலையத்தில் நோயாளிகளுக்கு வெந்நீர்ச் சேறு பூசுகிறவள் அவள். போன குளிர்காலப் புயலில் கடலோரக் குகை இடிந்து, நிலையத்துக்கு நீர் தந்த கந்தக ஊற்று மூடிக்கொண்டது. அதைத் தேடித்தான் சுண்ணாம்புப் பாறையில் ஆழ்துளை போடுகிறார்கள். இன்றைக்குள் அகப்படாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். அவளும் இன்னும் முப்பது பெண்களும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

குழாயிலிருந்து வாளி நிறைய நீர் பிடித்தார்கள். வெதுவெதுப்பு. வாயில் வைத்தால் கரித்தது.

"கடல் தண்ணி," என்றார் பொறியாளர் லெயோபித்சி. "போதும், மூட்டை கட்டுங்க."

துளை போடும் தொனாத்தோ அவளுடைய தம்பி. கருவிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா," என்றாள் வித்தூச்சா.

"சேறு பூசுறவங்களுக்குப் பாறையப் பத்தி என்னம்மா தெரியும்?"

"பாறையத் தெரியாது. தண்ணியத் தெரியும்."

வேலைக்கு நுழையும் முன் பெண்கள் வெள்ளி நகைகளைக் கழற்றி வாசல் கிண்ணத்தில் போடுவது அங்கே வழக்கம். கந்தக நீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். மறந்துபோகிற புதுப்பெண்ணை வருஷம் முழுக்கக் 'கரிக்காரி' என்றே கூப்பிடுவார்கள். வித்தூச்சா ஒருநாளும் மறந்ததில்லை. அம்மா விட்டுப்போன வெள்ளி மாதா பதக்கத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, திருவிழா ஊர்வலத்தில் தன்னுடையதுதான் ஊரிலேயே பளபளப்பு என்று நெஞ்சை நிமிர்த்தி நடப்பாள்.

அந்தப் பதக்கத்தைக் கழற்றி வாளிக்குள் போட்டாள்.

"அக்கா, அது அம்மாவோடது!"

"அம்மாவும் இந்தத் தண்ணியிலதான்டா உழைச்சா. கோவிச்சுக்க மாட்டா."

காத்திருந்தார்கள். வெளியே எடுத்தபோது மாதா அடுப்புக்கரி மாதிரி இருந்தாள். பொறியாளர் கையை நீட்டி அதை வாங்கினார்.

"வெறும் கடல் தண்ணி இப்படிக் கறுக்காது ஐயா. நம்ம தண்ணி கீழ இருக்கு. மேல எங்கயோ கடல் புகுந்து அதைக் கெடுக்குது. அந்த வெடிப்ப அடைங்க."

அவர் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நாள் தவணை கொடுத்தார். தொனாத்தோ மேல்பாறை நெடுக இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்டு அடைத்தான். மூன்றாம் நாள் கைவைக்க முடியாத சூட்டில் நீர் பொங்கி வந்தது. அழுகிய முட்டை நாற்றம் தெருவெல்லாம் பரவியது. ஊரே வாசலுக்கு வந்து அதை மூக்கு நிறைய இழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. பதக்கத்தை அவள் தேய்க்கவில்லை. யாராவது கேலி செய்தால் கொடுக்கப் பதிலும் வைத்திருந்தாள். பதிலுக்கு வேலையே வரவில்லை. கோயில் வாசலில் நிலையத்துப் பெண்கள் முப்பது பேரும் நின்றார்கள். அத்தனை கழுத்திலும் வெள்ளி கன்னங்கரேல் என்று தொங்கியது. காலையிலேயே புது ஊற்றில் முக்கியெடுத்திருந்தார்கள்.

வித்தூச்சா ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற, கரிக்காரி?" என்றாள் அவளோடு சேறு பூசும் அசுந்தீனா. "முன்னால நட."