நிவாரண மசோதாவும் வெள்ளைக் கவுனும்

"இன்னிக்கு எந்த ரிப்பன் வேணும் என் தங்கத்துக்கு?"

"மஞ்சள்மா."

"நேத்தும் மஞ்சள்தானே கேட்ட? அலுக்கலையா உனக்கு?"

"அலுக்கல. மஞ்சள்தான் வேணும்."

கேள்வி, பதில் இரண்டுமே ரோஸ்லோரின் வாயிலிருந்துதான் வந்தன. மகள் மெட்ஜீனுக்கு ஒன்பது வயது. பேச்சு வராது, நடக்க முடியாது, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. சக்கர நாற்காலியில் தலையை இடது பக்கம் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். தலை பின்னிவிடும்போது தினமும் நடக்கிற உரையாடல் இது. மகளுக்காகப் பதில் சொல்கிறபோது ரோஸ்லோர் குரலை மெலிதாக்கிக்கொள்வாள். அந்தக் குரலும் வயதுக்குத் தக்கபடி வளர்ந்து வந்திருக்கிறது. மூன்று வயதில் மழலையாக இருந்தது. இப்போது கொஞ்சம் வாய்த்துடுக்கும் சேர்ந்திருக்கிறது.

பின்னி முடித்ததும், டப்பாவில் கொண்டுவந்திருந்த வாழைக்காய்க் கஞ்சியில் விரலைத் தொட்டு மகளின் உதட்டில் தடவினாள். மெட்ஜீனின் நாக்கு மெல்ல வெளியே வந்தது. இந்த ருசிக்குத்தான் அந்தப் பிள்ளை முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

அவர்கள் தங்கியிருந்தது ஃபுளோரிடா மாநிலத் தலைநகரான தலஹாசியின் ஓரத்தில் ஒரு மலிவான விடுதி. முந்தின நாள், ஹைத்தி ஜனங்கள் நாங்கள் குடியேறிய பெல் கிளேடிலிருந்து ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். ஃபுளோரிடா சட்டசபை வருடத்துக்கு அறுபது நாள்தான் கூடும். அந்த அறுபது நாளுக்குள் மெட்ஜீனின் பேரில் போட்ட நிவாரண மசோதா நிறைவேற வேண்டும். இல்லையென்றால் அது செத்துவிடும். அடுத்த வருடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது நாலாவது வருடம்.

நடந்தது இதுதான். பிரசவ வலியோடு ரோஸ்லோர் அரசு மருத்துவமனையில் பத்தொன்பது மணி நேரம் கிடந்தாள். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்க இறங்க இயந்திரம் அலறியது. அலறல் தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். "என்னமோ சரியில்ல, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று ரோஸ்லோர் கெஞ்சினாள். "எல்லாப் பொம்பளைக்கும் இப்படித்தான்மா இருக்கும், சும்மா கத்தாத" என்றார்கள். டாக்டர் வந்து சேர்ந்தபோது குழந்தையின் மூளைக்கு மூச்சுக்காற்று போகாமல் நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

மருத்துவமனை மீதுதான் தவறு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல்லி என்ன பிரயோஜனம்? அரசு மருத்துவமனையாக இருந்தால் நீதிமன்றம் எவ்வளவு விதித்தாலும் ஒரு சின்ன வரம்பு வரைக்கும்தான் கைக்கு வரும். மிச்சம் வேண்டுமென்றால் சட்டசபை மனசு வைத்துத் தனியாக ஒரு சட்டம் போட வேண்டும். ஜெயித்தவர்களே மறுபடி வாசலில் வந்து நிற்க வேண்டிய விசித்திரமான ஏற்பாடு இது.

ரோஸ்லோருக்குப் பணம் தேவைதான். மகளைக் குளிப்பாட்டத் தூக்குவதற்கு ஓர் இயந்திரம் வேண்டும். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வேண்டும். ஆனால் அவள் உள்ளுக்குள் ஏங்கியது வேறொன்றுக்கு. "தப்பு எங்களோடது" என்று யாராவது ஒருத்தர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வழக்கு நடந்த ஏழு நாளும் அந்த டாக்டர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார். கனவில் மட்டும் இரண்டு முறை வந்து அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். விழித்த பிறகு அன்றைக்கு முழுதும் அவளுக்கு வேலை ஓடாது.

போன வருடம் ஒரு தவறு நடந்தது. எங்கள் ஹைத்தி ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் நாங்கள் கசங்கிய துணியோடு பெரிய மனிதர்கள் முன்னால் போய் நிற்க மாட்டோம். சட்டசபைக்குப் போகிற பிள்ளை என்று சர்ச்சில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருத்தி லேஸ் வைத்த காலுறை கொண்டுவந்தாள், ஒருத்தி பளபளக்கிற கறுப்பு ஷூ. ரோஸ்லோர் வெள்ளைக் கவுன் தைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, முதல் நற்கருணைக்குப் போகிற பிள்ளை மாதிரி மெட்ஜீனை ஜோடித்துக் கொண்டுபோனாள். மசோதாவை விசாரிக்கிற சட்டசபைக் குழுவின் தலைவர் ராலின்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "குழந்தை ரொம்ப நல்லா இருக்காளே! அருமையாப் பார்த்துக்கிறீங்கம்மா" என்று வாயாரப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, அவசரமான மற்ற விஷயங்களை முதலில் எடுப்போம் என்று மசோதாவை ஒதுக்கிவைத்தார். அது அப்படியே செத்தது.

கதவு தட்டப்பட்டது. வக்கீல் பெவர்லி உள்ளே வந்தாள். நல்ல மனுஷி, நாலு வருடமாக இவர்களுக்காக அலைகிறவள். கட்டில் மேல் விரித்திருந்த வெள்ளைக் கவுனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ரோஸ்லோர், இன்னிக்கு இது வேண்டாம்."

"ஏன்?"

"இன்னிக்குத்தான் கடைசிக் குழு. இதைத் தாண்டினாத்தான் சபைக்கே போகும். பழைய டீ-ஷர்ட் ஏதாவது போடுங்க. எச்சில் கறை இருந்தாலும் பரவாயில்ல. சாப்பாட்டுக் குழாய் வெளியே தெரியட்டும். அவங்க கண்ணால பார்க்கணும்."

"என் பிள்ளையைக் காட்சிக்கு வைக்கச் சொல்றீங்க."

"நானா இந்த விதியைப் போட்டேன்? இருபது வருஷமா பார்க்குறேன். அவங்க காகிதத்தைப் படிக்கிறதில்ல, ஆளைத்தான் பார்க்குறாங்க."

ரோஸ்லோர் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டிருந்த வில்னேர் முடிச்சைத் தளர்த்தினான்.

"அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

"நீயுமா?"

"நாலு வருஷமாச்சு, ரோஸ். பிள்ளையைத் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போச்சு. நான் ஆறு மாசம் கரும்பு லாரி ஓட்டுறேன், ஆறு மாசம் சும்மா மோட்டுவளையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு துணிக்காக எல்லாத்தையும் விடணுமா?"

"துணியா? ஹைத்தியில, கோனாயீவ்ல உங்கம்மா உன்னைக் கிழிஞ்ச டவுசரோட பள்ளிக்கூடம் அனுப்பினாங்களா?"

"இப்ப எங்கம்மாவை ஏன் இழுக்குற?"

"தெருக் குழாயில தண்ணி வராத ஊர்ல துவைச்சு, கரி இஸ்திரிப் பெட்டியில தேய்ச்சு அனுப்பினாங்களே, எதுக்கு? எவனும் நம்ம பிள்ளையை இளக்காரமாப் பார்க்கக்கூடாதுன்னுதானே?"

வில்னேர் மெட்ஜீனின் கன்னத்தில் வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்தான். "எனக்கு மட்டும் ஆசையா?" என்றான். "நம்ம போன பிறகு இவளை யாரு தூக்குவா? அதைச் சொல்லு."

ரோஸ்லோர் பெட்டிக்குள்ளிருந்து சாம்பல் நிற டீ-ஷர்ட்டை எடுத்தாள். கழுத்து தொய்ந்துபோனது, பழைய மருந்துக் கறை படிந்தது. மாட்டிவிட்டாள். கவுனை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஏன் எடுத்துவருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

குழு கூடும் அறையில் பெவர்லி சொன்னபடியே நடந்தது. நாற்காலியை உள்ளே தள்ளி வந்ததும் ஒன்பது உறுப்பினர்களும் நிமிர்ந்தார்கள். போன வருடம் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்த ஆள் இப்போது அதைக் கவிழ்த்து வைத்தார். ஓரத்திலிருந்த அம்மாள் காகிதக் கைக்குட்டையை உருவினாள். "அய்யோ பாவம்" என்று யாரோ முணுமுணுத்தது மைக்கில் விழுந்து அறை முழுதும் கேட்டது. ராலின்ஸின் முகம் இளகியிருந்தது.

வேலை செய்கிறது என்று ரோஸ்லோருக்குப் புரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் ஒன்பது பேர் பார்க்கிறார்கள், ஒருத்தர்கூட மெட்ஜீனின் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லோரும் குழாயைத்தான் பார்த்தார்கள்.

அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேச இரண்டு நிமிடம். மேஜை மேல் பச்சை விளக்கு எரிந்தது. பெவர்லி எழுதிக்கொடுத்த தாள் கையில் இருந்தது. ரோஸ்லோர் அதை மடித்தாள்.

"ஐயா, போன வருஷம் இதே பிள்ளையைத்தான் கூட்டிட்டு வந்தேன். ரொம்ப நல்லா இருக்கான்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

ராலின்ஸ் தலையசைத்தார்.

"இன்னிக்குப் பாவம்ங்கிறீங்க. பிள்ளை மாறலை. துணி மட்டும்தான் மாறியிருக்கு. அன்னிக்கு அவ எப்படி அவ்வளவு நல்லா இருந்தான்னு நீங்க யாரும் கேட்கலை. இப்பக் காட்டுறேன்."

கைப்பையிலிருந்து கவுனை எடுத்து உதறினாள். பின்பக்கம் முழுக்கத் திறந்து நாடா வைத்துத் தைத்த கவுன் அது. பெவர்லி எழுந்திருக்கப் போனாள். வில்னேர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

மெட்ஜீனின் வலது கை முழங்கையில் மடங்கி, மார்போடு இறுகியிருந்தது. இழுத்தால் வலிக்கும். ரோஸ்லோர் மண்டியிட்டு, முழங்கையை உள்ளங்கையால் தேய்த்தாள். தசை தளரக் காத்திருந்தாள். கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி இறுகியது. மறுபடி தேய்த்தாள். வாய்க்குள் ஏதோ தாலாட்டு மாதிரி முனகினாள். விளக்கு மஞ்சளாகிச் சிவப்பாகியது. ஒரு கையின் விரல்கள்கூட இன்னும் கவுனின் கையைத் தாண்டவில்லை.

"நேரம் முடிஞ்சுதும்மா" என்றார் பக்கத்திலிருந்த எழுத்தர்.

"அந்த விளக்கை அணைங்க" என்றார் ராலின்ஸ்.

இடது கை இன்னும் மோசம். ரோஸ்லோர் தனியாகத் திணறினாள். அப்போது பெவர்லி எழுந்து வந்தாள். தன் விலை உயர்ந்த கோட்டோடு தரையில் மண்டியிட்டு, பிள்ளையின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிருங்க ரோஸ்லோர். நான் கேட்டிருக்கவே கூடாது" என்றாள் காதோரம். நாடா கட்டி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. மெட்ஜீன் களைத்துப்போய்ப் பெருமூச்சு விட்டாள்.

"தினமும் ரெண்டு வேளை ஐயா" என்றாள் ரோஸ்லோர், மூச்சு வாங்க. "ஒன்பது வருஷம். நல்லா இருக்கான்னு நீங்க பார்த்தது இதைத்தான்." அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வாக்கெடுப்பு நடந்தது. ஒன்பதுக்கு ஒன்பது. வில்னேர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பார்வையாளர் வரிசையில் கைதட்டினார்கள். இன்னும் சபை இருக்கிறது, ஆளுநர் கையெழுத்து இருக்கிறது; ஆனாலும் நாலு வருடத்தில் இவ்வளவு தூரம் வந்தது இதுவே முதல் தடவை.

ராலின்ஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். வயதான மனிதர், உண்மையிலேயே கலங்கியிருந்தார். ரோஸ்லோரின் கையைப் பற்றிக்கொண்டார்.

"எங்களால முடிஞ்ச உதவியைச் செஞ்சிருக்கோம்மா. கடவுள் உங்களைக் காப்பாத்துவார்."

"நன்றி சொல்லு" என்று வில்னேர் முழங்கையால் இடித்தான்.

"நன்றி ஐயா" என்றாள் ரோஸ்லோர். கையை மட்டும் விடவில்லை. "ஆனா உதவின்னு சொல்லாதீங்க. உதவின்னா நான் வருஷா வருஷம் வந்து கெஞ்சணும். யாரு பிள்ளை அதிகமா அழுக்கா இருக்கோ அவங்களுக்கு முதல்ல கிடைக்கும். நான் கெஞ்ச வரலை. உங்க ஆஸ்பத்திரியில கத்துனேன், யாரும் கேட்கலை. பாவம்னு பார்த்துக் கொடுக்காதீங்க ஐயா. தப்புன்னு ஒத்துக்கிட்டுக் கொடுங்க. அதுதான் நியாயம். மத்ததெல்லாம் பிச்சை."

அடுத்த மசோதாவுக்கான ஆட்கள் கோப்புகளோடு வரிசையில் காத்திருந்தார்கள். ராலின்ஸ் குனிந்து, முதல் முறையாக மெட்ஜீனின் கண்களைப் பார்த்தார். பிறகு படியேறிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மைக்கைப் போட்டார்.

"பதிவுல ஒண்ணு சேர்க்கணும்" என்றார் எழுத்தரிடம். "இந்தக் குழந்தைக்கும் இவங்க அம்மாவுக்கும் நடந்தது அரசாங்க ஆஸ்பத்திரியோட தப்பு. தீர்ப்பு வந்த பிறகும் இவங்களை நாலு வருஷம் நிக்கவெச்சது எங்க தப்பு. நாங்க கொடுக்கிறது உதவி இல்ல, பட்ட கடன். அப்படியே எழுதிக்கோங்க."

எழுத்தரின் விரல்கள் தட்டுகிற சத்தம் அடங்கும்வரை ரோஸ்லோர் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.