பூக் கட்டிய துவக்கு

பத்மநாதனுக்குத் துவக்கு என்றால் ஒரு பைத்தியம். லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் கடை வைத்துக் கையில் நாலு காசு மிஞ்சத் தொடங்கியதும் மற்றவர்கள் கார் மாற்றினார்கள், பிள்ளைகளைப் பியானோ வகுப்புக்கு அனுப்பினார்கள். இந்த மனிதர் பொலிசில் விண்ணப்பித்து லைசென்ஸ் எடுத்து, இரட்டைக் குழல் துவக்கு ஒன்று வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லண்டனுக்கு வெளியே சறே பக்கத்தில் ஒரு கிளப்புக்குப் போய், மெஷின் எறிகிற களிமண் தட்டுகளைச் சுட்டுப்போட்டு வருவார். ஒரு காகமாவது விழுந்திருந்தால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று மனைவி சிவனேஸ்வரி பகிடி பண்ணுவாள். மற்றப்படி அவளுக்கு அதில் சண்டையில்லை. வீட்டில் இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் வரைக்கும் அது கிடந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

அந்தக் கிளப்பில் அவரோடு இன்னும் இரண்டு தமிழர் இருந்தார்கள். ஒருவர் சபாரத்தினம், வழக்கறிஞர் ஒருவரின் ஒபிசில் வேலை. வாயைத் திறந்தால் சட்டம். மற்றவர் கஸ்பர், மன்னார்க் கத்தோலிக்கர், தபால் பிரிக்கும் இடத்தில் விடியப்புற ஷிப்ட். தகப்பனோடு காட்டுக்குப் போய்ப் பழகிய கை அவருக்கு. தட்டு வானத்தில் ஏறினால் தவறாது. ஆனால் கஸ்பரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆட்கள் நிற்கிற இடத்தில் துவக்கை ஒருநாளும் மூடி வைத்திருக்க மாட்டார். குழலை மடித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று எல்லாருக்கும் தெரிய, முழங்கையில் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நடப்பார்.

"திறந்திருந்தால் அது விறகுக் கட்டை. மூடினால்தான் துவக்கு" என்பார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு கோடையில் கடைக்குள் இரண்டு பேர் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் பத்மநாதனின் கழுத்தில் கத்தியை வைத்தான். மற்றவன் சிகரெட்டுகளையும் கல்லாப்பெட்டியில் இருந்ததையும் அள்ளினான். கீறல் கூடப் படவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று சிவனேஸ்வரி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பத்மநாதனால் அப்படி விட முடியவில்லை. சேட்டுக் கொலருக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே திரிந்தார். யாராவது தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் மனிதருக்கு முகம் வெளுத்துவிடும். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் கடையின் பின்னறையில், கிறிஸ்ப்ஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தபோது அவர் சொன்னார்: "இனித் துவக்கு கடையிலைதான். கவுண்டருக்குப் பின்னாலை, எல்லாருக்கும் தெரியச் சுவரிலை தொங்கும். உள்ளுக்கு வாறவன்ரை கண்ணிலை முதல் அதுதான் பட வேணும்."

சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். "தோட்டா இல்லாத வெறுந்துவக்கெண்டால் பெரிசாப் பிழை பிடிக்கேலாது. பாவிக்காத நேரம் பத்திரமா வைச்சிருக்க வேணுமெண்டு லைசென்சிலை கிடக்கு. ஆனால் நீர் பக்கத்திலை நிண்டால், அதை வாதாடலாம்."

"வாதாடலாமோ? ஆர், செத்தவனோ வாதாடுறது?" என்றார் கஸ்பர்.

"கடை என்ரை, சுவர் என்ரை, துவக்கும் என்ரை. ஆரைக் கேக்க வேணும் நான்?"

"கடை உன்ரைதான் பத்மநாதன். ஆனால் கதவைத் திறந்து வைச்சுச் சனத்தை வா எண்டு கூப்பிடுறாய். பால் வாங்க வாற கிழவி என்ன பாவம் செய்தவ, உன்ரை துவக்கைப் பாத்துக்கொண்டு காசு குடுக்க? கத்தியோடை வந்தவன் அடுத்த முறை துவக்கோடை வருவான். நீ வெறுந்துவக்கைக் காட்டுவாய், அவன் தோட்டா போட்டதைக் காட்டுவான்."

"ஊரிலை லைசென்ஸ் துவக்கெல்லாத்தையும் ஸ்டேசனிலை ஒப்படை எண்டாங்கள். பொத்திக்கொண்டு குடுத்தம். உன்ரை கொப்பரும் குடுத்தவர்தானே? குடுத்துப்போட்டு என்ன கண்டம்? கையிலை ஒண்டும் இல்லாதவனுக்குத்தான் அடி."

தகப்பனைப் பற்றிய பேச்சு என்றால் கஸ்பரின் குரல் இறங்கிவிடும். "ஓம், குடுத்தவர். குடுத்திட்டு வந்து நாள் கணக்காச் சாப்பிடாமல் கிடந்தவர். ஆனால் ஒருநாளும் அதைத் தோளிலை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகேல்லை. அது காட்டுக்குரிய சாமான்."

தேத்தண்ணியோடு வந்த சிவனேஸ்வரி தட்டத்தைப் பெட்டி மேல் வைத்தாள். அவள் அப்பாவும் கடைக்காரர்தான், சாவகச்சேரியில்.

"அப்பாவின்ரை கடைக்கும் துவக்கோடை வந்தவங்கள்தான்" என்றாள். "ஆமிக்காரன் வந்தான், இயக்கப் பெடியள் வந்தாங்கள், பிறகு வேறை பெடியள் வந்தாங்கள். ஒருத்தனும் அதை நீட்டேல்லை. தோளிலை கிடந்தால் காணும், கேட்டது எல்லாம் கிடைக்கும். அப்பா சிரிச்சுச் சிரிச்சுக் குடுத்து அனுப்புவார். அவங்கள் போன பிறகு கதவைச் சாத்திப்போட்டு மூலையிலை குந்தி இருப்பார். என்ரை கடைக்கு வாற சனம் அப்பிடிச் சிரிக்கிறதை நான் பாக்க மாட்டன். துவக்கு உள்ளுக்கு வந்தால் நான் வெளியிலை போறன்."

பத்மநாதன் தேத்தண்ணியைக் குடித்தார். "சரி, விடு" என்றார். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். இந்தக் குடி கேட்டது போலத் தலையாட்டியது, அவ்வளவுதான்.

நவராத்திரி வந்தது. சிவனேஸ்வரிக்கு அந்த ஒன்பது நாளும் விரதம். ஆயுத பூசையைக் கடையில்தான் செய்வாள். கவுண்டருக்குப் பின்னால் மேசையில் சிவப்புத் துணி விரித்து, கும்பம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் பாண் ரொட்டி வெட்டும் கத்தி, தராசு, விலை ஒட்டுகிற மெஷின் எல்லாவற்றையும் அடுக்கி விடுவாள். கல்லாப்பெட்டியை மட்டும் வைக்க மாட்டாள், அதற்கு லீவு கிடையாது. வைத்த சாமான்களை மறுநாள் விஜயதசமிக் காலைப் பூசை முடியும் வரை ஒருவரும் அசைக்கக் கூடாது. அன்றைக்குப் பாணைக்கூட வெட்டாமல் விற்பாள், அப்படி ஒரு பிடிவாதம்.

அப்டன் பார்க் சந்தையில் வாங்கிய செவ்வந்திச் சரத்தோடு அன்று அவள் கடைக்குள் வந்தபோது, மேசையின் நடுவில், கும்பத்தில் சாய்ந்தபடி துவக்கு இருந்தது.

"என்னப்பா இது?"

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் தராசையோ வைக்கிறது? தோட்டா இல்லை. சாமிக்கு வைச்சாச்சு. கற்பூரமும் காட்டியாச்சு."

அடப் பாவி மனிசா! அவளுடைய பக்தியை வைத்தே அவளைக் கட்டிப்போட்டுவிட்டார். கற்பூரம் காட்டிய பிறகு அவள் அதை எடுக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஒரு பகலும் ஓர் இரவும் துவக்கு கடையில் இருந்தால், பிறகு அது பழகிவிடும், சுவருக்கு ஏறிவிடும் என்பது அவர் கணக்கு. சிவனேஸ்வரிக்கு அழுகை முட்டியது. அழாமல் சந்தனம் குழைத்தாள். சாமி முன்னால் எதையும் வெறுமையாக வைக்கக் கூடாது என்று, துவக்குக்கும் பொட்டு வைத்தாள். செவ்வந்திச் சரத்தைக் குழலிலிருந்து பிடி வரைக்கும் சுற்றி, நூலை இறுக்கி முடிந்தாள்.

பத்மநாதன் சந்தோஷமாகச் சாமான் எடுக்க வான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். துவக்கின் உறையும் வானுக்குள்ளேயே போய்விட்டது.

மத்தியானத்துக்குப் பிறகு நாள்தோறும் பால் வாங்க வருகிற வெள்ளைக்காரக் கிழவி வந்தாள். வந்தால் ஒவ்வொரு நாளும் கால்வலியைப் பற்றிச் சொல்வாள். அன்று அவள் கண் சிவனேஸ்வரியின் தோளுக்கு மேலால் போய் நின்றது. பிறகு சிரித்தாள். பல் மட்டும் சிரித்தது. பால் போத்தலைக் கவுண்டரில் மெதுவாக வைத்துவிட்டு, வாங்காமலே பின்பக்கமாக நடந்து வெளியே போனாள். அது அப்பாவின் சிரிப்பு. வெளியே பஸ் தரிப்பில் நின்ற ஒருவனும் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு ரெலிபோன் பெட்டியைத் தேடிப் போனதை அவள் காணவில்லை. ஐரிஷ் இயக்கத்தின் குண்டுகள் அங்கும் இங்கும் வெடித்து லண்டனே பயந்து கிடந்த நாட்கள் அவை.

அவள் கஸ்பருக்குப் போன் எடுத்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த மனிதர், கோட்டைக் கொளுவிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணை, இதை எங்கடை வீட்டு அலுமாரிக்கை கொண்டுபோய் வைச்சு விடுங்கோ. இந்தாங்கோ திறப்பு. நான் தொடேலாது, நாளைக்குக் காலைமை வரைக்கும் அசைச்சால் தோஷம். நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு ஒண்டுமில்லை."

"அவன் வந்து கத்தப் போறான் தங்கச்சி."

"கத்தட்டும்."

கஸ்பர் துவக்கை எடுத்தார். எடுத்த கை தன்பாட்டில் திறக்கப் போனது. நூல் தடுத்தது.

"ஐயோ அண்ணை, பூவை அறுக்காதேங்கோ! சாமிக்குச் சாத்தினது. அப்பிடியே கொண்டு போங்கோ, நாளைக்கு அப்பிடியே கொண்டுவந்து வைப்பம்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மூடின துவக்கோடை தெருவிலை போறேல்லை நான்" என்றார். பிறகு, "சரி, உங்கடை சாமியோடை நான் ஏன் பிரச்சினைப்படுவான்" என்று சிரித்தபடி, கோட்டைக் கழற்றித் துவக்கைச் சுற்றினார். குழலின் நுனி வெளியே தெரிந்தது.

கதவைத் தாண்டி நடைபாதையில் கால் வைத்ததும்தான் சத்தம் கேட்டது. தெருவின் இரண்டு பக்கமும் பொலிஸ் கார்கள். கார்க் கதவுகளுக்குப் பின்னால் துப்பாக்கி பிடித்த ஆட்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். போடு கீழே, போடு என்றுதான் கத்தினார்கள். கஸ்பர் பயந்துபோனார், ஆனால் ஓடவில்லை. எல்லாரையும் பயம் தெளிய வைக்க அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. கோட்டை உதறினார். "எம்ரி! எம்ரி!" உள்ளே ஒன்றும் இல்லை என்று இங்கிலீஷில் கத்தினார். திறந்து காட்டினால் விறகுக் கட்டை என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும் அல்லவா? திறக்கப் பார்த்தார். நூல் விடவில்லை. பலமாக ஓர் இழுவை இழுத்தார். அந்த இழுவையில் குழல் மேலே கிளம்பியது.

சிவனேஸ்வரி கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிச் சத்தம் இரண்டு. செவ்வந்திப் பூ நடைபாதை முழுக்கச் சிதறிக் கிடந்தது. கஸ்பர் பக்கவாட்டில் விழுந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர்கள் அவளை வெளியே வர விடவில்லை.

பிரேதத்தைத் தரப் பல கிழமைகள் சென்றன. அதற்குள் பொலிஸ் விசாரணை, பேப்பர்க்காரர், கோவில் பொதுச்சபை, சங்கம் என்று எல்லாரும் வந்து எல்லாம் பேசிவிட்டுப் போனார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று சபாரத்தினத்திடம் கேட்டார்கள். தெரியாது என்றார் மனிதர், முதல் முறையாக. பத்மநாதன் லைசென்சைப் பொலிசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டி, முகம் மழிக்காமல் சோபாவில் கிடந்தார். "நீ எடுக்க மாட்டாய் எண்டு தெரிஞ்சுதானே வைச்சனான்" என்பார். சிவனேஸ்வரி அவரைத் திட்டவில்லை. திட்டினால் குற்றத்தில் தன் பங்கு குறைந்துவிடும் என்று பயந்தாள்.

பிரேதம் வீட்டுக்கு வந்த அன்று இரண்டு பேரும் போனார்கள். முன்னறையில் பெட்டி திறந்திருந்தது. செபமாலை சொல்லி முடித்த பெண்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். கஸ்பரின் மனைவி றோஸ்மலர் தலைமாட்டில் கதிரையில் இருந்தாள். அவள் அழவில்லை. பத்மநாதனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் துவக்கை மூடிக்கொண்டு ஆக்களுக்குள்ளை ஒருநாளும் போனதில்லை. வீட்டுக்குள்ளையும் போனதில்லை. அண்டைக்கு ஏன் மூடியிருந்தது?"

பொலிசும் கேட்காத கேள்வி. பத்மநாதன் நிலத்தைப் பார்த்தார். "அவசரத்திலை, தங்கச்சி…" என்று தொடங்கினார்.

"அவசரமில்லை அக்கா" என்றாள் சிவனேஸ்வரி. "அவர் திறக்கத்தான் பாத்தவர். நான்தான் வேண்டாமெண்டனான். பூக் கட்டினதும் நான்தான். சாமிக்கு வைச்சதை நான் தொட்டால் தோஷமெண்டு அண்ணையைக் கூப்பிட்டனான்."

றோஸ்மலர் எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், சிவனேஸ்வரியும் அதைத்தான் வேண்டி நின்றாள். அவள் சிவனேஸ்வரியின் வலக் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"இந்தக் கைக்குத் தோஷம் வரக் கூடாதெண்டோ என்ரை மனிசனைக் கூப்பிட்டனீ?"

"ஓம் அக்கா."

"வா" என்று அந்தக் கையை விடாமல் பெட்டியடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "இப்ப தொடு."

கஸ்பரின் கைகள் நெஞ்சின் மேல் கோத்திருந்தன. விரல்களைச் சுற்றிச் செபமாலை இறுக்கிக் கிடந்தது. சிவனேஸ்வரி குனிந்து அந்தக் கைகளைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். அவை குளிர்ந்து கிடந்தன. றோஸ்மலர் பக்கத்தில் நின்றாள். போதும் என்று அவள் சொல்லவில்லை, இவளும் கையை எடுக்கவில்லை.