படத்துச் சாவி

சாவியின் படம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் அதிசயமாக ஜன்னலோரத்தில் இடம் கிடைத்து, யசோதினி போனைத் திறந்தால், புருசன் சுரேஸ் அனுப்பியிருக்கிறான். ஒரு பித்தளைச் சாவி. அதில் தொங்கும் சிவப்புத் தகட்டில் 304 என்ற எண். கீழே ஒரே வரி: "நம்ம வீட்டுச் சாவி." அதற்குப் பிறகு பதுளை வந்து சேரும்வரை அவளுக்கு வெளியே மலையும் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவளின் மரக்கறிக் கூடை தன் முழங்காலை இடித்ததும் தெரியவில்லை.

நம்ம வீடு. இந்த இரண்டு சொல்லுக்காக நான்கு வருசம் காத்திருந்தவள் அவள். சுரேஸ் சார்ஜாவில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். இருப்பது எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறை, அதில் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டு. அவன் போகும்போது மகள் தனுஜாவுக்கு ஒரு வயது. இடையில் ஒரே தடவை நாற்பது நாள் லீவில் வந்தான். முதல் முப்பது நாள் பிள்ளை அவனைக் கண்டு அழுதது, மிச்சம் பத்து நாள் திரும்பிப் போக வேண்டுமே என்று அவன் அழுதான். இப்போது பிள்ளைக்கு அப்பா என்றால் போனுக்குள் சிரிக்கிற ஒரு முகம். சார்ஜ் தீர்ந்தால் அப்பாவும் தீர்ந்துபோவார்.

இந்த வருசம் சம்பளம் கூடியது. குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கு அவன் பெயரில் வாடகை வீடு ஒன்று இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் அந்த ஊர் மாநகரசபையின் முத்திரையும் விழ வேண்டும். வீடு இல்லாமல் விசா இல்லை. விசா இல்லையென்றால் இந்தத் தீபாவளிக்கும் போனுக்கு முன்னால் நின்று மத்தாப்பு காட்ட வேண்டியதுதான்.

வீட்டை சுரேஸ் போன் விளம்பரத்தில் கண்டுபிடித்தான். ஒரு படுக்கையறை, மஞ்சள் திரை போட்ட பெரிய ஜன்னல், துணி காயப்போட ஒரு துண்டு பல்கனி. மற்ற வீடுகளின் வாடகையில் முக்கால்வாசிதான். சொந்தக்காரர் லண்டனில் இருக்கிறாராம், புரோக்கர்தான் எல்லாம் பார்க்கிறானாம். படங்களை சுரேஸ் அனுப்பிய நாளிலிருந்து, மூன்று வாரமாக, யசோதினி அந்த வீட்டில்தான் குடியிருந்தாள். உடம்பு மட்டும் தேயிலைத் தோட்டத்தின் ஒற்றையறை லயத்தில் கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே தனுஜாவின் கட்டிலைப் போட்டாள். பிறகு காற்று நேரே அடிக்குமே என்று கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அடுப்படியில் மிளகாய்த்தூள் டின் எந்தத் தட்டில் என்பதுவரை முடிவாகிவிட்டது. சுரேஸ் வேலைவிட்டு வந்து கதவைத் தட்டுவான், அவள் போய்த் திறப்பாள். இந்த ஒரு காட்சியை மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

அவள் வேலை செய்வது பதுளை கடைவீதியில், அலவி நானாவின் கடையில். போட்டோகாப்பி, ஸ்கேன், பாஸ்போர்ட் படம், வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்ப ஃபோம் நிரப்புதல். ஆறு வருசமாக ஊரில் பாதிப் பேரை அவள்தான் ஃபோம் நிரப்பி குவைத்துக்கும் கட்டாருக்கும் அனுப்பிவைத்தாள். எல்லாரையும் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் ஐந்தரை பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்புவாள்.

அன்று பகல் கூட்டம் குறைந்ததும், சாவியின் படத்தைப் பளபளப்புத் தாளில் அச்சடித்தாள். தனுஜாவிடம் கொடுக்கத்தான். வீட்டுக்கான காசை இன்றைக்கு மத்தியானம்தான் சுரேஸ் போடப் போகிறான் என்றாலும், சாவியே வந்துவிட்டதே. தொழுகை முடிந்து கடைக்குள் வந்த அலவி நானா அதை எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள படம் இது?"

"சாவிப் படம், நானா."

சொன்ன வாயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். சாவிப் படம். அவள் பிறந்த தோட்டத்தில் இந்தச் சொல்லைத் திருப்பிப்போட்டுச் சொல்வார்கள்: படத்துச் சாவி.

அந்தக் கதை இதுதான். மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் இறங்கி ஆட்களைக் கொண்டுபோன பிறகு, இவர்கள் லயத்துக்கும் ஆபத்து என்றார்கள். புது வீடு வரும் என்றார்கள். ஒருநாள் தோட்டத்து மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு சாவி கொடுத்தார்கள். யசோதினியின் அம்மா கருப்பம்மாவும் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையேறி, சிவப்பு நாடா கட்டிய சாவியை இரண்டு கையாலும் வாங்கினாள். படம் பிடித்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவன் தட்டோடு வரிசையாக வந்து சாவிகளைத் திரும்ப வாங்கினான். "இது படத்துக்குத் தந்த சாவி. வேலை முடிஞ்சதும் சரியான சாவி தருவாங்க" என்றான். கருப்பம்மா மட்டும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டில் வெறும் நாடாவைப் போட்டாள். மறுநாள் விடிந்ததும் சாவியோடு ஏறிப்போய்ப் பார்த்தால், வீட்டுக்கு இடுப்பளவுச் சுவர்தான் நின்றது. கதவு வைக்க இடம்கூட விட்டிருக்கவில்லை. அந்தச் சாவி இன்றைக்கும், யசோதினியின் லயக் காம்பராவில், சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

அதிலிருந்து அந்தத் தோட்டத்தில், காட்டுவார்கள் ஆனால் தரமாட்டார்கள் என்கிற எல்லாமே படத்துச் சாவிதான். பேப்பரில் வந்த சம்பள உயர்வு படத்துச் சாவி. நிச்சயம் பேசிவிட்டு நழுவிய மாப்பிள்ளை படத்துச் சாவி.

"என்ன புள்ள, முகம் செத்துப்போச்சு?" என்றார் அலவி நானா.

புரோக்கர் சுரேஸுக்கு அனுப்பிய சாவிப் படம் இது என்று அவள் விசயத்தைச் சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "வீட்டு உள்ளுக்குப் போய்ப் பார்த்தாரா?"

"இல்ல நானா. வெளிய நின்னு கட்டிடத்தப் பாத்தாராம். உள்ளுக்கு ஆள் இருக்காங்க, காலி பண்ணுனதும் காட்டுறேன்னு சொல்லியிருக்கான்."

"ஆள் இருக்கிற வீட்டு சாவி அந்த புரோக்கர்ட கைல எப்படி?"

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. மூன்று வாரமாகக் கட்டிலை எங்கே போடுவது என்று யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை.

"காசு யார்ட பேருக்குப் போகுது? வீட்டுக்காரர்ட பேருக்கா?"

"புரோக்கர் பேருக்கு. டிப்போசிட்டும் முதல் வாடகையும். இன்னைக்கு அங்க ரெண்டு மணிக்குள்ள."

அலவி நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "என்ட மச்சானும் தோஹாவில இப்படித்தான் காசப் போட்டுட்டு, பொறகு சாமான் சட்டியோட போய் நின்டா, உள்ளுக்கு வேற ஆள். வீட்டுக்காரன்ட உறுதிப் பத்திரத்தப் பார்க்கோணும். அவன்ட பேருக்கே காசு போகோணும், ரசீது வேணும். ஒப்பந்தத்த மாநகரசபையில பதிஞ்சு கொடுக்கோணும். இதெல்லாம் செய்றவன் அவசரப்படுத்த மாட்டான், புள்ள."

யசோதினி கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே இரண்டரை, அங்கே ஒரு மணி. சாப்பாட்டு நேரத்தில் வங்கிக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். போனை எடுத்தாள். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. ஒருவேளை வீடு உண்மையாக இருந்தால்? தன் வாயாலேயே அதைக் கெடுத்துக்கொண்டால், நாளைக்குப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவளுக்கு அந்த வீடு வேண்டும். அந்த மஞ்சள் திரை வேண்டும், அந்தத் தட்டில் மிளகாய்த்தூள் டின் வேண்டும். எல்லாவற்றையும்விட, கதவைத் தட்டும் சத்தம் வேண்டும்.

ஆனாலும் எண்ணை அழுத்தினாள்.

"ஏங்க, காசு போட்டுட்டீங்களா?"

"காசு போடுற மெசின் முன்னாலதான் நிக்கிறேன். எனக்கு முன்னுக்கு ரெண்டு பேர்."

"போடாதீங்க."

"என்ன சொல்ற நீ?"

"வீட்டுக்குள்ள ஆள் இருக்குன்னா, சாவி எப்படிங்க அவன்கிட்ட வந்துச்சு? மொதல்ல அந்தச் சாவியப் போட்டு கதவத் தொறந்து காட்டச் சொல்லுங்க. தொறந்துச்சுன்னா, அப்புறம் வீட்டுக்காரர் பேருக்குக் காசப் போடுங்க."

"அப்படியெல்லாம் கேட்டா கோவிச்சுக்குவான் யசோ. வேற ஆளுக்குக் குடுத்துருவான்."

இவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. லயத்தில் பிறந்தவனுக்கு வீடு என்பது மேலே இருக்கிற யாரோ பெயர் பதிந்து தருவது. ஒழுகினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், கேள்வி கேட்டால் கிடைக்காமல் போய்விடும். வாடகையும் டிப்போசிட்டும் கொடுக்கிறவன் கதவைத் திறந்து காட்டச் சொல்லலாம் என்பது அவன் தாத்தாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

"நாலு வருசங்க" என்றான். அவளை நீங்க என்று கூப்பிடுவது கோபம் வந்தால் மட்டும்தான். "நாலு வருசம் வாயக் கட்டிச் சேத்த காசு. யாருக்காகச் சேத்தேன்? உங்களுக்கு வர விருப்பமில்லன்னா சொல்லிருங்க."

அது சுருக்கென்று தைத்தது. அவள் அழாமல் இருக்க, மேசையில் கிடந்த அச்சுப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அது படத்துச் சாவிங்க" என்றாள்.

கருப்பம்மாவின் சாவி அவனுக்கும் தெரியும். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் மறுவீட்டுச் சோறு சாப்பிட்டான். பின்னால் இருந்த யாரோ அவனை வழிவிடச் சொல்லும் சத்தம் கேட்டது.

"சரி. நான் போய்ப் பாக்குறேன்" என்று போனை வைத்தான்.

நாலரை மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. முகமெல்லாம் வேர்வை, சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. மாடிப்படியில் நின்றான். "புரோக்கர் போன எடுக்கல. காசு போட்டாச்சான்னு மட்டும் மெசேஜ் மேல மெசேஜ். அதான் நானே மேல வந்துட்டேன்." மூன்றாம் மாடி. கதவில் 304. போனைக் கதவுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தட்டினான்.

யாரும் திறக்கக்கூடாது என்று யசோதினி வேண்டினாள். வீடு காலியாக இருக்க வேண்டும், எல்லாம் தன்னுடைய வீண் பயமாக இருக்க வேண்டும், சுரேஸ் காலமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லித் தன்னைக் கேலி செய்ய வேண்டும்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கையில் அகப்பையோடு ஒரு பெண் நின்றாள். மலையாளக்காரி. பின்னால் அவள் பாவாடையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பையன். சுரேஸ் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. மலையாளமும் தமிழுமாகச் சொன்னாள்: நாங்கள் மூன்று வருசமாக இங்கேதான் இருக்கிறோம், காலி செய்யப் போவதும் இல்லை. எங்களுக்கு முன்பு வந்த பழைய விளம்பரத்திலிருந்து யாரோ படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த வாரத்தில் நீங்கள் மூன்றாவது ஆள், முதலில் வந்தவர் காசு கட்டிவிட்டு மனைவி பிள்ளைகளோடு பெட்டியுடன் வந்தார். சொல்லிவிட்டு, போனில் தெரிந்த யசோதினியின் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, வழிவிட்டு, "அவங்களுக்கு வீட்டக் காட்டுங்க" என்றாள்.

அப்படித்தான் யசோதினி அந்த வீட்டுக்குள் போனாள். மஞ்சள் திரை, கொஞ்சம் வெளுத்திருந்தது. பல்கனியில் சின்னச் சட்டைகள் காய்ந்தன. ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டில், காற்று நேரே அடிக்காமல், கொஞ்சம் தள்ளி. அவள் போட்ட அதே இடத்தில்.

"போதுங்க" என்றாள். "அந்த அக்காவுக்கு நன்றி சொல்லிட்டு வாங்க."

கதவு மூடியது. சுரேஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நெற்றிக்கு மேலே நரை ஓடியிருந்தது. தினமும் பார்க்கிற முகம்தான், வெளிச்சத்தில் இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"காசு பையிலதான் இருக்கு" என்றான்.

"இருக்கட்டும்."

"நீ சொல்லலன்னா போட்டிருப்பேன்."

போட்டோகாப்பி எடுக்க வந்த ஒருவரை அலவி நானா ஓசைப்படாமல் அடுத்த மேசைக்குக் கூட்டிப்போனார்.

"யசோ, கதவு தட்டுனேன்ல" என்றான் சுரேஸ், கீழே பார்த்துக்கொண்டு. "தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு பாரு. கையில உன்னையத்தான் புடிச்சிருக்கேன், தெரியும். ஆனாலும் ஒரு நிமிசம், நீதான் உள்ள இருந்து தொறக்குறன்னு நெனச்சுட்டேன்."

அதுவரை அடக்கிவைத்த அழுகை அப்போது உடைந்தது. கடை என்றும் பார்க்கவில்லை, ஆள் இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். சத்தம் வராமல், எட்டுப் பேர் அறையில் பழகிய அழுகை.

கொஞ்சம் பொறுத்து அவள் முகத்தைத் துடைத்தாள். "எந்திரிங்க. எறங்கி வாங்க. போன வைக்காதீங்க, கீழ போற வரைக்கும் நானும் வாறேன்."

மூன்று மாடி. அவன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவளும் கூட இறங்கினாள்.

"அடுத்த வீடு பாக்கும்போதும் என்னைய இப்படியே கூட்டிட்டுப் போங்க. உள்ளுக்குப் போய்ப் பாக்கணும், வீட்டுக்காரர் உறுதியப் பாக்கணும், அப்புறந்தான் காசு."

"சரி." வெயிலில் வந்து நின்றதும் முகத்தைச் சுருக்கினான். "ஆனா தீபாவளிக்குள்ள ஆகாது, யசோ. புள்ளகிட்ட நான் என்ன சொல்றது?"

காலையில் புறப்படும்போதே தனுஜா அப்பாவிடம் போகவென்று தன் சின்னப் பையில் இரண்டு கவுனும் ஒரு பொம்மையும் மடித்து வைத்திருந்தது யசோதினிக்கு ஞாபகம் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"தீபாவளிக்கு அவ மத்தாப்பு காட்டுவா" என்றாள். "நீங்க போனுக்கு நல்லா சார்ஜ் போட்டு வைங்க."