லாஸ்ட்ல இருக்காரு

“லாஸ்ட்ல இருக்காருன்னு போட்டா அதுக்கு மேல இன்னாக்கா வேணும் உனக்கு, ஒரு மகளுக்கு—”

“வான்னு ஒரு வார்த்தை போட்டியாடி நீ? வான்னு—”

“சொன்னாதான் வருவியா?”

சாமிநாதனை எடுத்துப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரத்தோடு, ஆம்பூர் வீட்டின் பின்கட்டில் அவருடைய இரண்டு பெண்களும் நின்றார்கள்.

ஷூ கம்பெனியில் லாஸ்ட் பிரிவு அவருக்கு. கால் மாதிரியே செய்த அச்சுக்கு லாஸ்ட் என்று பேர். அதன்மேல் தோலை இழுத்துப் படியவைப்பது அவர் வேலை. யார் தேடி வந்தாலும் சங்கீதாவும் ஹேமலதாவும் சிறுவயதிலிருந்தே சொல்லும் பதில் ஒன்றுதான். அப்பா லாஸ்ட்ல இருக்காரு.

ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவர் போன மாதம் தேறி வீட்டுக்கு வந்தார். சீக்கிரமே வேலைக்குப் போகிறேன் என்றார். அதை நம்பித்தான் பெரியவள் சங்கீதா ஒடுகத்தூருக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். அப்பா மறுபடி படுத்ததும், டாக்டர் லாஸ்ட் ஸ்டேஜ் என்று கைவிரித்ததும் அவளுக்குத் தெரியாது. மலையடிவாரத்தில் போனுக்கு டவர் எடுக்கவில்லை. ‘அப்பா லாஸ்ட்ல இருக்காரு’ என்று சின்னவள் அனுப்பிய அந்த ஒரு வரி மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. அப்பா வேலையில் ஏறிவிட்டார் என்று படித்துக்கொண்டு, வேர்க்கடலைக் கொல்லையில் நின்றபடியே பதிலும் போட்டாள்.

ஹேமலதா அந்தப் பதிலை அக்கா முகத்துக்கு நேரே நீட்டினாள். ‘சந்தோஷம்டி ஹேமா. இனிமே எல்லாருக்கும் நிம்மதி.’

சங்கீதா அதைப் பார்க்காமல் தன் போனைத் தடவினாள். சாவுச் சேதி கேட்டு பஸ்ஸில் வரும்போதே தேடிப் பார்த்தாளாம். ரொம்பப் பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்குக் காலடித் தடம் என்று அர்த்தமாம். அதிலிருந்துதான் செருப்பு அச்சுக்குப் பேர் வந்ததாம். ஒரு பொருள் நெடுநாள் உழைத்தால் அதற்கும் அதே சொல்லாம். கடைசி என்கிற லாஸ்ட் வேறு சொல்லாம், லேட் என்பதிலிருந்து வந்ததாம். போலீஸுக்குச் சாட்சி சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“லேட்டு மட்டும் உனக்குக் கரெக்டா பொருந்துதுக்கா.”

“சாகப் போறாருன்னே எழுதியிருந்தா ஓடி வந்திருப்பேனேடி.”

“அவரு பக்கத்துல உக்காந்துனு அதை எப்படிக்கா எழுதுவேன்? கை வரலை.”

சங்கீதா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஹேமலதாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம் வடிந்துபோயிருந்தது.

“உன் பதில் வந்தப்போ போன் சத்தம் கேட்டு கண்ணைத் திறந்தாரு. பெரியவ இன்னா போட்டிருக்கான்னு கேட்டாரு.”

சங்கீதா தங்கையின் கையைப் பிடித்தாள்.

“நீ படிச்சு சொன்னியாடி?”